கடலுக்கடியில் தந்தி ஏன் தடுமாறியது?

1858 ஆகஸ்ட். அயர்லாந்தின் வேலன்ஷியா தீவுக்கும் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இழுத்தாயிற்று. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்தில் 98 சொற்கள்தான். போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது!

தரையில் தடையின்றி ஓடிய தந்திக்குக் கடலில் என்ன வந்தது?

கம்பியின் அமைப்பைப் பாருங்கள். நடுவே செம்பு. அதைச் சுற்றி, மலாய்க் காட்டு மரத்தின் பாலில் செய்த கட்டாபெர்ச்சா உறை. வெளியே உப்புநீர். செம்பும் மின்சாரத்தைக் கடத்தும், கடல்நீரும் கடத்தும். இடையில் இருப்பதோ கடத்தாத உறை. அதாவது, 3,000 கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு மின்தேக்கி! தந்திச் சாவியை அழுத்தினால் முதலில் அது நிரம்ப வேண்டும். விட்டால் வடிய வேண்டும். அதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டால், தந்திக் குறியீட்டின் புள்ளியும் கோடும் ஊறிய மைபோல ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கம்பியைப் போட்ட கம்பெனியின் மின் பொறுப்பாளர் வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட்டை ஏற்றிப் பார்த்தார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த உறை தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி செத்தது. பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சனின் வழி நேர்மாறு. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடமும் அதுதான். மின்னோட்டம் கொஞ்சம் போதும், அதை உணரும் கருவி நுட்பமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பட்டு இழையில் தொங்கும் சின்னஞ்சிறு கண்ணாடி. அதன் முதுகில் காந்தத் துணுக்குகள். துளி மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதில் பட்டுத் திரும்பும் விளக்கொளி அளவுகோலில் இடமும் வலமுமாக நகரும்.

1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல், தடித்த செம்பும் தடித்த உறையும் கொண்ட புதிய கம்பியைப் போட்டது. அதில் நிமிடத்துக்குச் சுமார் 8 சொற்கள் போயின.