இந்த ஜீப் எங்கே பிறந்தது?

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளவர்களுக்கு ஜீப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

பொழுது விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கையில் தூக்குச்சட்டியுடன் தொழிலாளர்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று மலைப் பாதைகள். மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். காலையில் போன ஜீப் மாலையில் இறங்கும்.

இது இன்றைய ஜீப்புகளின் கதை. ஆனால் இவற்றுக்கு எல்லாம் பாட்டன் ஒன்று உண்டு. கொட்டகையின் மூலையில், தென்னை மட்டைகளுக்கு அடியில், சக்கரம் மண்ணில் புதைந்து நிற்கும்!

"தாத்தா வாங்கிய வண்டி" என்பார்கள். "மிலிட்டரி வண்டி" என்று பெருமையாகச் சொல்வார்கள். எந்த நாட்டு மிலிட்டரி? எந்த ஆண்டு செய்தது? யார் கையில் இருந்து வந்தது? பதில் வராது. ஆர்.சி. புத்தகம் எங்கே என்றால், "கரையான் தின்று விட்டது" என்பார்கள்.

புத்தகம் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. விற்கப் போனால், பழைய இரும்புக்காரர் எடை போட்டு விலை சொல்வார். அதே வண்டியின் பூர்வீகம் தெரிந்து, காகிதமும் சரியாக இருந்தால், பழைய வண்டிப் பிரியர்கள் வெளியூரில் இருந்து தேடி வருவார்கள். ஒரு குடும்பத்துக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல.

ஜீப்பும் ஒரு லாரிதான்!

ஜீப்பை நாம் கார் வகையில் சேர்க்கிறோம். அதைப் பெற்றெடுத்த அமெரிக்க ராணுவம் அப்படி நினைக்கவில்லை. ராணுவக் கணக்கில் அது "கால் டன் டிரக்". கால் டன் பாரம் ஏற்றும் குட்டி லாரி! நான்கு சக்கரங்களும் இழுக்கும் என்பதால் சேற்றிலும் போகும், மேட்டிலும் ஏறும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் இதை வில்லிஸ், போர்டு என்ற இரண்டு கம்பெனிகள் செய்து கொடுத்தன. வில்லிஸ் செய்தது சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம். போர்டு செய்தது சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம். பர்மா யுத்தத்துக்காக இந்தியாவில் வந்து இறங்கிய ஜீப்புகளும் லாரிகளும் யுத்தம் முடிந்ததும் வேண்டாத சாமான்கள் ஆகிவிட்டன. ஏலம் போட்டு விற்றார்கள்.

அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கின் நிலை என்ன தெரியுமா? மதுரையில் இருந்து போடிக்கு 1928-ம் ஆண்டில் ரெயில் வந்தது. யுத்தத்தின்போது அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! மறுபடி ரெயில் ஓடியது 1950-களில்தான். இடைப்பட்ட காலத்தில் ஏலக்காய் மூட்டையும் நெல் மூட்டையும் வெளியூர் போக ரோட்டை விட்டால் வேறு கதி இல்லை.

மகிந்திராவும் முகம்மதுவும்

எல்லா ஜீப்பும் யுத்தத்துக்குப் போய் வந்தது அல்ல. இதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன.

1945-ம் ஆண்டில் "மகிந்திரா அண்டு முகம்மது" என்ற கம்பெனி தொடங்கியது. முதலில் இரும்பு வியாபாரம். பங்காளிகளில் ஒருவரான குலாம் முகம்மது, தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போனார். அங்கே முதல் நிதி மந்திரி ஆனார். 1951-ல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார்! இங்கே கம்பெனியின் பெயர் 1948-ல் "மகிந்திரா அண்டு மகிந்திரா" என்று மாறியது.

1947-ல் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் இருந்து 75 ஜீப்புகளைப் பாகம் பாகமாக வரவழைத்தது. பம்பாயில் மாட்டிப் பூட்டினார்கள். பிறகு மெல்ல மெல்ல பாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ஆகவே, வண்டியின் மேல் "வில்லிஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது பர்மா காட்டில் ஓடியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பம்பாயில் பிறந்து நேரே மலைக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

உடம்பில் உள்ள மச்சங்கள்

காகிதம் போனாலும் வண்டியின் உடம்பு பேசும். முன்பக்கக் கம்பி அடைப்பில் உள்ள நீளத் துளைகளை எண்ணுங்கள். ஒன்பது இருந்தால் யுத்த ஜீப். ஏழு இருந்தால் யுத்தத்துக்குப் பின் பொதுமக்களுக்குச் செய்தது. யுத்த ஜீப்பில் விளக்குகள் சின்னவை, உள்ளே பதுங்கி இருக்கும். மற்றதில் விளக்குகள் பெரியவை.

பெட்ரோல் ஊற்றும் இடத்தைப் பாருங்கள். யுத்த ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே டாங்கி. ஒவ்வொரு தடவையும் டிரைவர் எழுந்து மெத்தையைத் தூக்க வேண்டும்! யுத்த ஜீப்பின் ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும். பின்னால் திறக்கும் கதவு இருக்காது. பானெட் மிக உயரமாக இருந்தால் அது 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3பி ரகம். உள்ளே இருக்கும் எஞ்சின் உயரமானது என்பதால் பானெட்டையும் தூக்கி வைத்தார்கள். மகிந்திரா ஜீப் என்றதும் நம் கண்ணில் நிற்பது அந்த முகம்தான்.

யுத்த ஜீப் என்று தெரிந்துவிட்டால், வில்லிஸா போர்டா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த பட்டை இரும்பாக இருந்தால் போர்டு. போர்டு கம்பெனி போல்ட்டுத் தலையில்கூட "எப்" என்ற தன் எழுத்தைப் பொறித்தது! துருவைச் சுரண்டினால் இன்றும் தெரியும்.

சேஸிஸ் எண்தான் முக்கியம். போர்டு ஜீப்பில் இடது பக்கச் சட்டத்தின் மேலேயே எண்ணை அடித்திருப்பார்கள். "ஜி.பி.டபிள்யூ." என்று தொடங்கும். பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுக்கலாம். வில்லிஸின் எண் "எம்.பி." என்று தொடங்கும். ஆனால் அதைத் தனித் தகட்டில் பொறித்து, பம்பருக்குப் பின்னால் சட்டத்தில் ரிவெட் அடித்தார்கள். தகடு விழுந்தால் எண்ணும் போச்சு!

இன்னொரு தகடு டாஷ்போர்டில் உண்டு. ராணுவத்திடம் வண்டி ஒப்படைக்கப்பட்ட தேதி அதில் இருக்கும். பெயிண்டு மேல் பெயிண்டு அடித்து அதை மறைத்தவர்கள் பலர். அதைவிட மோசம், பித்தளைக் கடையில் போட்டவர்கள்.

எந்த ஊர் ரிஜிஸ்டர்?

அடுத்து நம்பர் பிளேட். தேனி 1996-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் இந்தப் பக்கம் முழுவதும் மதுரை மாவட்டம். ஆகவே பழைய ஜீப்பின் விவரம் மதுரைப் பதிவேட்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். எண் "எம்" எழுத்தில் தொடங்கினால் சென்னை ராஜ்ய காலத்தது. 1969-ல் ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு ஆனபின் வந்த எண்கள் "டி" எழுத்தில் தொடங்கின. டி.என். 60 என்ற தேனி எண் எல்லாம் 1989 ஜூலையில் புதிய மோட்டார் சட்டம் அமலுக்கு வந்த பிறகு ஏற்பட்ட முறை.

சில ஜீப்புகளில் "கே.எல்.கே." என்று இருக்கும். அது கோட்டயம். கோட்டயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று திகைக்க வேண்டாம். இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972-ல். அதற்கு முன் பீர்மேடும் உடும்பன்சோலையும் தேவிகுளமும் கோட்டயம் ஜில்லாவைச் சேர்ந்தவை. தோட்டத்துக்காரர் வாங்கிய ஜீப் பிற்பாடு மலை இறங்கி வந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்து, "அப்படி ஒரு வண்டியே இல்லை" என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். கையால் எழுதிய பழைய பதிவேடுகள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏறிவிடவில்லை. அந்த எண்ணைக் கொடுத்த ஆபீசில் ஏட்டைப் புரட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. பழைய வரி ரசீது, இன்சூரன்ஸ் தாள், எப்.சி., ராணுவ ஏலத்தின் விற்பனைச் சீட்டு, எண் தெரிகிற பழைய போட்டோ, எது கிடைத்தாலும் நல்லது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஏட்டில் பெயர் இருந்துவிட்டால், போலீசில் புகார் செய்து, படிவம் 26-ல் நகல் ஆர்.சி. கேட்கலாம்.

குறுக்கு வழி காட்டுகிறவர்களும் உண்டு. செத்துப்போன ஜீப்பின் எண்ணைப் பட்டறையில் செய்த புது சேஸிஸில் அடித்துத் தருவார்கள். அது குற்றம். வாங்கியவர்தான் மாட்டிக்கொள்வார். கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

கிழட்டு வண்டிக்குத் தனிச் சட்டம்

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கும் கார் வகை வண்டிகளுக்கும் "வின்டேஜ்" பதிவு உண்டு. பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். அந்த விதி வைத்த கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். சரக்கு லாரிகளுக்கு அந்த விதியில் இடம் இல்லை. ராணுவம் லாரி என்று எழுதிய ஜீப், நம் ஊர் ஆர்.சி.யில் ஆள் ஏறும் வண்டியாகப் பதிவாகி இருந்தால் பிழைத்தது!

ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. வண்டி பிறந்த கோலத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப்புகள் நம் பக்கத்தில் ஏராளம். கழற்றிப் போட்ட பெட்ரோல் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று இப்போது தேடினால் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

எல்லாம் சரியாகி, பதிவும் கிடைத்துவிட்டால் ஜீப்பைக் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் ஓட்டிப் போகலாம். பெட்ரோல் போடவும் பட்டறைக்கும் போய் வரலாம். ஏலத்தோட்டத்துக்கு மட்டும் கூலிக்கு ஆள் ஏற்றிப் போக முடியாது.