நகைக்கு மட்டுமோ நம் பேச்சு?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதலிலும் அழுகையை அதன் அடுத்தும் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு; அவற்றுள் முதலாவது எள்ளல். அழுகை பிறக்கும் நிலைக்களங்களும் நான்கு. அவற்றுள் இறுதியாக நிற்பது வறுமை. இப்பகுதியை மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் நம் நாட்டுத் தமிழ்ப் படங்களும் தொலைக்காட்சி நாடகங்களும் என் நினைவுக்கு வருவதுண்டு. இலங்கைத் தமிழரின் வாய்ப்பேச்சு திரையில் ஒலித்த வரலாற்றை நோக்கின், அது பெரும்பாலும் நகைக்கே பயன்பட்டிருக்கக் காண்கிறோம். அழுகைக்கு அதனைப் பயன்படுத்தத் துணிந்தோர் அவையோரின் ஆதரவின்றி மெலிந்தனர். இது சினிமாவைப் பற்றிய செய்தி மட்டுமன்று. நம்மைப் பற்றிய செய்தியுமாகும். ஆதலின், படம் பார்ப்போன் ஒருவனின் கருத்தாக இதனை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்'. இலங்கை வானொலியில் மக்கள் விரும்பிக் கேட்ட நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து பிறந்த படம் அது. எஸ். இராமதாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். செல்வசேகரன் உபாலியாக வந்து சிங்களவர் நாவிற் புரளும் தமிழைப் பேசினார். இராஜகோபால் அப்புக்குட்டியாக வந்து யாழ்ப்பாணத் தமிழைப் பேசினார். மக்கள் திரண்டனர். அக்கலைஞர்களின் பெயரோடு மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி என்னும் பட்டங்கள் என்றென்றைக்குமாக ஒட்டிக்கொண்டன. இரண்டாவது, அடுத்த ஆண்டில், அதாவது 1977இல் வந்த 'பொன்மணி'. சிங்களத் திரையுலகின் சிறந்த நெறியாளர்களுள் ஒருவரான தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்தியது. காவலூர் இராசதுரை எழுதியது. சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை எவ்வாறு உள்ளிருந்தே அரித்துவிடுகின்றன என்பதை ஆரவாரமின்றிக் காட்டிய படம். முன்னதிற் கேட்ட அதே யாழ்ப்பாணத் தமிழ் இதிலும் ஒலித்தது. மக்களோ வரவில்லை. படம் விரைவில் மாளிகைகளை விட்டு நீங்கியது.

'பொன்மணி' குறையற்ற படம் என்று நான் வாதிடேன். அதன் நடை மெதுவானது, மௌனங்கள் நீளமானவை, பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துச் சென்றவனுக்கு அது ஏமாற்றமே அளித்திருக்கும். ஆயினும் தோல்விக்கு அஃதொன்றே காரணமாகாது. அப்புக்குட்டி பேசும்போது கைகொட்டிய அவை, அதே பேச்சில் ஒரு பெண் தன் துயரை உரைக்கும்போது நெளிந்தது. சென்னையிலிருந்து வந்த படங்கள் தலைமுறை தலைமுறையாக நம் செவியைப் பழக்கியிருந்தன. காதலும் வீரமும் கண்ணீரும் சென்னைத் தமிழில் வரவேண்டும். நம் தமிழ் வந்தால் சிரிக்கவேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று.

இச்சட்டத்தைச் சென்னையும் நன்கு அறிந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான 'தெனாலி'யில் கமலஹாசன் இலங்கைத் தமிழராக வந்தார். அச்சமே உருவான அப்பாத்திரத்தின் பேச்சு, நம் அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் துணையோடு செம்மையாக்கப்பட்டது. நடிப்பிலும் ஒலிப்பிலும் குறை கூற அதிகமில்லை. ஆனால், போர் கண்டு அஞ்சிய மனிதனின் அச்சம் முழுவதும் நகைக்கு இரையாயிற்று. ஈராண்டின் பின்னர் வந்த மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' இதற்கு மாறாக, நம் பேச்சில் ஒரு தாயின் துயரை வைத்தது. அதனைப் பாராட்டவேண்டும். எனினும் அத்தாய் வந்து நிற்பது கதையின் விளிம்பிலேயே. சென்னைச் சிறுமியின் கண் எட்டும் அளவே அவளுடைய துயரும் நமக்குத் தெரிகின்றது.

இதுகாறும் சொன்னவை பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சைப் பற்றியன. மாத்தளையில் வாழும் எனக்கு இதனினும் அணுக்கமான கவலை ஒன்றுண்டு. தமிழகத்துப் படங்களில் இலங்கைத் தமிழ் என்றால் அது யாழ்ப்பாணத் தமிழே. இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ தோட்டத்துத் தாயொருத்தி பேசும் தமிழ் அவர்களுக்குத் தங்கள் நாட்டுக் கிராமப் பேச்சாகவே படும். இலங்கையில் உள்ளோர் சிலருக்கோ அது இலங்கைத் தமிழாகவே படுவதில்லை. இரு கரைக்கும் உரித்தாயிருந்தும் இரு கரையிலும் இடம்பெறாத பேச்சு அது.

மலையகம் திரைக்கு வராமலே இருந்ததென்று கூறுதல் பிழை. இலங்கைத் தமிழ்ப் படத்தின் தொடக்கமே மலையகத்தைத் தொட்டு நிற்கிறது. 1962இல் 16 மில்லிமீற்றர் சுருளில் 'சமுதாயம்' வந்தது. மறு ஆண்டில் 35 மில்லிமீற்றர் சுருளில் வந்த 'தோட்டக்காரி', பெயருக்கேற்பத் தேயிலைத் தோட்டத்தைக் களனாகக் கொண்டது. 1975இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 'புதிய காற்று' என்னும் படத்தைத் தயாரித்து நடித்தார். அதற்கு எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் பேனா துணைநின்றது. நம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட நாடகாசிரியர் மாத்தளை கார்த்திகேசு 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி' என்னும் படத்தைத் தயாரித்தளித்தார். பெரும்பொருள் படைத்த முதலாளிகள் தயங்கிய காலத்தில், ஒரு நாடகக்காரர் இத்தகைய பணியில் இறங்கினார் என்பதை இவ்வூர் மாணவர் எத்தனைபேர் அறிவர்? நான் வினவிய வகுப்புகளில் ஒருவரும் அறிந்திலர்.

அறியாமைக்கு அவர்களைக் குறைகூற இயலாது. பார்ப்பதற்குப் படங்கள் வேண்டுமே! 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. பல படங்களின் மூலச்சுருள்கள் அங்கே அழிந்தன. ஏடு செல்லுக்கு இரையானதைச் சொல்லி உ. வே. சாமிநாதையர் வருந்தியதைப் படித்து நாம் உருகுகின்றோம். சுருள் தீக்கு இரையானதைப் பற்றி உருகுவார் அரியர்.

சுருள் அழிந்த இடத்தை நிரப்பியது தொலைக்காட்சி. இந்நாட்டில் 1979இல் தொலைக்காட்சி அடியெடுத்து வைத்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. பின்னர்த் தமிழுக்கெனத் தனி அலைவரிசைகளும் தோன்றின. லயத்துக் கூரைகளில் வானைநோக்கிய வட்டத் தட்டுகளும் முளைத்தன. அவற்றின் வழியே வந்த சென்னைத் தொடர்கள் யாவும் இழிந்தன என்று கூறமாட்டேன். 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தந்தை ஒருவரின் கவலை இயல்பாகச் சொல்லப்பட்டது. நடுத்தர வீட்டின் அடுக்களையும் திண்ணையும் மிகைப்படாமல் வந்தன. அதன் பின்னர் வந்தவற்றிற் பலவும், பட்டுடுத்திப் பொன்பூட்டிய பெண்கள் ஒருவரையொருவர் அழிக்கச் சூழும் சூழ்ச்சிகளாய் முடிந்தன. இந்தியில் எடுத்துத் தமிழ்க்குரல் பூட்டியவற்றிலோ வாயசைவு ஒன்றாகவும் சொல் வேறொன்றாகவும் நிற்கும். எட்டு மெய்ப்பாட்டில் வெகுளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரம் நாள் கதை நடத்தும் வல்லமை அவற்றுக்கே உரியது.

அத்தொடர்களிலும் வறுமை வருவதுண்டு. வந்தால், அது செல்வம் வந்தவுடன் நீங்கும் ஒப்பனையாகவே வரும். தோட்டத்து வறுமை அவ்வகையினதன்று. அதற்கென ஒரு சொற்கோவையே உண்டு. ஒருநாள் வேலைக்குரிய வரவைத் தோட்டத்தார் 'பேர்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்க இயலாத நாளில் அவளுக்குக் கிடைப்பது 'அரைப்பேர்'. முழுநாளும் மலையேறி மழையில் நனைந்தவளுக்கு அரைப்பேர்! வறுமை, இளிவு, அசைவு என்னும் மூன்றும் அந்த ஒரு சொல்லுள் அடங்கியிருக்கின்றன. இச்சொல்லை உரியவாறு உச்சரிக்கும் ஒரு நடிகை போதும். பக்கம்பக்கமாக வசனம் வேண்டியதில்லை. ஆயினும் சின்னத்திரையிலோ பெரிய திரையிலோ இச்சொல் அழுகையை விளைத்து நான் கேட்டதில்லை.

தேயிலைத் தோட்டத்தின் துயரைத் தமிழில் வன்மையாகக் காட்டிய படமாக என் மனத்தில் நிற்பது, 2013இல் பாலா தந்த 'பரதேசி'. அது நம் மலையன்று. தமிழகத்து மலைத்தோட்டக் கதை. கங்காணி ஆசைகாட்டி அழைத்துச் செல்வதும் கூட்டம் நடந்தே செல்வதும் வழியில் மாய்வதும் அதில் உண்டு. அதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த நம் முன்னோரையே நான் கண்டேன். அவ்வழியை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. படக்கருவிகள் பல வந்தன, செய்திகள் வெளியாயின. செய்தி மறுநாள் பழையதாகும். அவ்வழியைக் கதையாக்கி, அம்மக்களின் பேச்சிலேயே தரும் படம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

அதே 2023இல் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' வெளிவந்தது. சுற்றுலா வந்த இந்தியத் தம்பதியரின் பொருள் களவு போகிறது. ஐயத்தின்பேரில் பொலிசார் மலையகத் தமிழர் சிலரைப் பிடிக்கின்றனர். எளியோன்மீது பழி எத்துணை எளிதில் விழுகின்றது என்பதை அப்படம் கூர்மையாகக் காட்டிற்று. விசாகேச சந்திரசேகரம் தமிழில் நெறிப்படுத்திய 'மணல்' அவ்வாண்டு றொட்டர்டாம் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. அன்று பத்திராஜ, இன்று இவர்கள். நம் அழுகையின் தகுதியைச் சிங்களத் திரையுலகிற் பணியாற்றும் கலைஞர் உணர்ந்து மதிக்கின்றனர். அதற்கு நன்றி உரியது. நாம் அதனை மதிப்பதெப்போது?

இவ்விடத்திற் பண்டிதர் வழியில் வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டில் மரபுப் போராட்டம் நிகழ்ந்தது. சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுவழக்கைக் கையாண்டோரை நோக்கி, அஃது இழிசனர் வழக்கு என்றனர் பண்டிதர் பலர். காலம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை, நிற்காதது நன்றே. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஓரிடம் அளித்தார். செய்யுளுக்கே உரிமை பெற்ற திசைவழக்கு, திரையில் அழுதற்கு உரிமையற்றதென எந்த இலக்கணத்தைக் காட்டி மறுப்பது? நூலில் அப்போராட்டம் முடிந்துவிட்டது. திரையில் அது இன்னும் தொடங்கவேயில்லை.

இதன் விளைவை வகுப்பறையிற் காணலாம். தோட்டத்துப் பிள்ளை எழுந்து தன் வீட்டுப் பேச்சில் ஒரு தொடரைச் சொன்னால், ஏனைய பிள்ளைகள் நகைக்கின்றனர். அவர்கள் கொடியவரல்லர்; அப்பேச்சு கேட்டால் நகைக்கவேண்டும் என்று எங்கோ பழகிவந்தவர். நகைக்கப்பட்ட பிள்ளை அடுத்தமுறை வாய் திறவாது. திறந்தால், தொலைக்காட்சித் தொடரில் கேட்ட தமிழை இரவல் வாங்கிப் பேசும். தன் தாய்க்கு நேர்ந்த துன்பத்தையும் அந்த இரவல் மொழியிலேயே சொல்லக் கற்கும். ஒரு மக்களின் துயர் அவர்கள் மொழியை இழந்துவிடுமாயின், பின்னர் அத்துயரை எடுத்துரைப்பார் யார்?

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆண்டுதோறும் நாடகம் எழுதுகின்றோம். மன்னர்களும் புலவர்களும் வரட்டும். அவர்களோடு பிரட்டுக் களத்தில் நிற்கும் ஒரு தாயும் வரட்டும். அவள் செந்தமிழ் பேசவேண்டா. தன் தமிழையே பேசட்டும். அவளை அவையோர் சிரிப்பதற்காகக் கொணராதீர்கள். நடுவர் இருக்கையில் அமர்வோர், வழக்குச்சொல் கண்டு புள்ளியைக் குறைக்காதீர்கள். இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே படக்கருவியாகவும் இருக்கின்றது. பத்து நிமிடப் படம் எடுப்பதற்கு முதலாளி வேண்டியதில்லை. இவ்வூர்ப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டியின் முன் அக்கருவியை வைத்து, 'அரைப்பேர்' என்றால் என்னவென்று கேட்கட்டும். பாட்டி சொல்லும் விடையைக் கேட்டு அவை ஒருகணம் சிரிப்பை மறந்து அமர்ந்திருக்குமாயின், தொல்காப்பியர் வகுத்த இரண்டாம் மெய்ப்பாடும் நம் பேச்சுக்கு உரியதாயிற்று எனலாம்.