நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் அதிர்கிறதா? காரணத்தைக் கண்டறியும் வழிகள்

புதுதில்லி: நகரச் சாலைகளில் எவ்விதக் குறையும் காட்டாத கார், நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் நடுக்கம் காட்டத் தொடங்குவது பல ஓட்டுநர்களின் அனுபவம். இதற்குப் பெரும்பாலும் சில கிராம் எடை வேறுபாடே காரணமாக இருக்கும். ஆயினும், வெடிக்கும் நிலையில் உள்ள டயரும் தளர்ந்துபோன சக்கர நட்டும் தொடக்கத்தில் இதே அறிகுறியையே காட்டுகின்றன. எனவே, காரணத்தை முறையாகப் பிரித்தறிவது பணத்தை மட்டுமன்றி உயிரையும் காக்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கார்களுக்கான அதிகபட்ச வேக வரம்பு விரைவுச் சாலைகளில் 120 கி.மீ. ஆகவும், நடுத்திட்டுடன் கூடிய நான்கு வழி நெடுஞ்சாலைகளில் 100 கி.மீ. ஆகவும் நிர்ணயிக்கப்பட்டது. நாகபுரியையும் மும்பையையும் இணைக்கும் 701 கி.மீ. நீள சம்ருத்தி விரைவுச் சாலையின் முதல் கட்டம் 2022 டிசம்பரிலும், இறுதிக் கட்டம் 2025 ஜூனிலும் திறக்கப்பட்டன. இத்தகைய சாலைகளில் கார்கள் மணிக்கணக்கில் ஒரே சீரான உயர் வேகத்தில் ஓடுவதால், நகர வேகத்தில் மறைந்திருந்த குறைகள் வெளிப்படுகின்றன.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன்?

185/65 ஆர்15 அளவுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.95 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அச்சக்கரம் நொடிக்கு 14 முறை சுழலும். ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், இந்த வேகத்தில் அது சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான விசையுடன், நொடிக்கு 14 முறை சக்கரத்தை இழுக்கிறது. அந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அதிகரிப்பதால், 50 கி.மீ. வேகத்தில் அது நான்கில் ஒரு பங்காகவே இருக்கும். நகருக்குள் குறை தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் இயல்பாகவே நொடிக்கு 10 முதல் 15 முறை அதிரும் தன்மை கொண்டவை. சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணிக்கையுடன் ஒத்துப்போகும்போது அதிர்வு பலமடங்கு பெருகும். 80 முதல் 110 கி.மீ. வரை நடுங்கும் ஸ்டியரிங், அதற்கு மேல் ஓரளவு அமைதியடைவது இதனால்தான். அமைதியடைந்துவிட்டது என்பதற்காகக் குறை நீங்கிவிட்டதாகக் கருதக்கூடாது.

எங்கே அதிர்கிறது, எப்போது அதிர்கிறது?

பணிமனைக்குச் செல்லும் முன் ஓட்டுநர் கவனித்து வைக்க வேண்டியவை இவை.

* ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரங்களில் குறை இருக்கும். இருக்கையும் தரைப்பகுதியும் அதிர்ந்தால் பின் சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

* பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், முன்பக்க பிரேக் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம். சக்கர பேலன்சிங் இதற்குத் தீர்வாகாது.

* முன் சக்கர இயக்கக் கார்களில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தோன்றி, காலை எடுத்ததும் மறையும் அதிர்வு, டிரைவ் ஷாஃப்ட்டின் உட்புற இணைப்பு தேய்ந்திருப்பதைக் குறிக்கலாம்.

* அதிர்வுடன் சேர்ந்து 'ஊம்' என்ற ஓசை வேகத்துக்கேற்பக் கூடினால் சக்கர பேரிங்கைச் சோதிக்க வேண்டும். இடப்புற வளைவில் செல்லும்போது ஓசை கூடினால், பாரம் ஏறும் வலப்புறச் சக்கரத்தின் பேரிங்கே முதல் சந்தேகத்துக்குரியது.

* அதே வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்கும்போது அதிர்வும் மாறினால் குறை இன்ஜின் அல்லது அதன் மவுண்டிங்கில் இருக்கும். மாறாமல் நீடித்தால் சக்கரங்களில் இருக்கும்.

எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் குறைகிறது என்பதை உடன் பயணிப்பவர் குறித்துக்கொள்வது நல்லது. இதற்காக வேக வரம்பை மீறத் தேவையில்லை.

முதல் சோதனை டயரில்

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவதே முறை. டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள அளவுடன் ஒப்பிட வேண்டும். அடுத்து, டயரின் பக்கச் சுவரை உட்புறம், வெளிப்புறம் இரண்டிலும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் மோதிய டயரின் உள் இழைகள் அறுந்தால் அவ்விடத்தில் புடைப்பு தோன்றும். அத்தகைய டயரைச் சரிசெய்ய இயலாது. மாற்றியே ஆக வேண்டும்.

டயரின் மேற்பரப்பில் கையை மெதுவாகத் தடவினால் மேடு பள்ளமான தேய்மானம் புலப்படும். கார்களின் டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது விதி. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் உற்பத்திக் காலத்தைக் காட்டும். உதாரணமாக, 2319 என்பது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

மழைக்காலத்தில் ரிம்மின் உட்புறம் படிந்து காயும் சேறும் சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும். சேற்றுச் சாலையில் சென்று வந்த மறுநாள் தோன்றிய அதிர்வு, நன்கு கழுவியதும் மறைந்துவிடக்கூடும். பல வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்ட காரில் டயரின் அடிப்பகுதி தட்டையாகி ஏற்படும் அதிர்வு, சிறிது தூரம் ஓடி டயர் சூடேறியதும் பெரும்பாலும் குறையும்.

பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு

ஸ்டியரிங் அதிர்கிறது என்றதும் வீல் அலைன்மென்ட் செய்துகொள்வது பரவலாகக் காணப்படும் வழக்கம். ஆனால், அலைன்மென்ட் என்பது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. அது பிழைபட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நேரடியாக அதிர்வு உண்டாவது அரிது. சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமப்படுத்துவதே பேலன்சிங். வேகத்தைச் சார்ந்த அதிர்வுக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சக்கரத்தைக் கழுவி, பழைய எடைகளை நீக்கிய பின்னரே பேலன்சிங் செய்ய வேண்டும். பணி முடிந்ததும் மீண்டும் ஒருமுறை சுழற்றி, இருபுறமும் சுழியம் காட்டுவதை வாடிக்கையாளர் கேட்டுப் பார்க்கலாம். இயந்திரத்தில் சுழலும்போது ரிம் அல்லது டயர் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரிந்தால், எடை வைப்பதால் பயனில்லை. ரிம் வளைந்துள்ளது அல்லது டயர் உருக்குலைந்துள்ளது என்பதே பொருள்.

பேலன்சிங்குக்குப் பிறகும் நீடித்தால்?

நான்கு சக்கரங்களும் ஒரே அளவுடையவையாக இருந்தால், முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பார்ப்பது எளிய வழி. சுழற்சித் திசை குறிக்கப்பட்ட டயர்களை அதே பக்கத்திலேயே மாற்ற வேண்டும். அதிர்வு ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம்பெயர்ந்தால் குறை டயரிலோ ரிம்மிலோ உள்ளது உறுதி. ஸ்டியரிங்கிலேயே தொடர்ந்தால் ஹப், பேரிங், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் சஸ்பென்ஷன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் வீண் செலவே மிஞ்சும்.

பிற்பாடு வாங்கிப் பொருத்திய அலாய் சக்கரங்களில் மற்றொரு காரணமும் உண்டு. சக்கரத்தின் நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால், சக்கரம் மையத்தில் அமராது. இயந்திரத்தில் சரியாகச் சுழலும் அதே சக்கரம் காரில் பொருத்தியதும் அதிரும். இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் பொருத்தினால் இது தீரும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

அதிர்வு திடீரெனத் தோன்றினாலோ, சில நிமிடங்களில் வேகமாக அதிகரித்தாலோ, அண்மையில் சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தாலோ பயணத்தைத் தொடரக்கூடாது. பிரேக்கைத் திடீரென அழுத்தாமல் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, சாலையின் ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சக்கர நட்டுகளையும் டயரின் புடைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் நட்டுகளை மீண்டும் சோதிப்பது அவசியம்.

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 61,038 பேர் விரைவுச் சாலைகள் உள்ளிட்ட தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். விபத்துகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் டயரும் சக்கரமும் சார்ந்தவை, புறப்படும் முன் சில நிமிடச் சோதனையில் பெரும்பாலும் கண்டறியக்கூடியவை. ஸ்டெப்னியின் காற்றழுத்தத்தையும் அச்சோதனையில் சேர்த்துக்கொள்வது நலம்.