ஆறாவது வாரத்தில் அன்னைக்கும் ஒரு பரிசோதனை

குழந்தை பிறந்து ஆறு வாரங்கள் ஆனதும் தடுப்பூசித் தவணை வருகிறது. அந்தத் தேதியைக் குடும்பத்தினர் கவனமாக நினைவில் வைத்திருக்கின்றனர். கர்ப்ப காலத்தில் நீரிழிவு கண்டறியப்பட்ட பெண்களுக்கு ஏறத்தாழ அதே வேளையில் ஓர் இரத்தப் பரிசோதனையும் உண்டு. பல இல்லங்களில் அது மறக்கப்பட்டுவிடுகிறது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகின்றன. அதை ஈடுசெய்யக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்க வேண்டும். அவ்வாறு இயலாதபோது இரத்தச் சர்க்கரை உயர்கிறது. பிரசவத்துடன் நஞ்சுக்கொடி வெளியேறிவிடுவதால், பெரும்பாலோருக்குச் சர்க்கரை விரைவில் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. “சர்க்கரை போய்விட்டது” என்று மருத்துவக் கோப்பை மூடி வைப்பதும் அப்போதுதான். எனினும், இப்பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 7 முதல் 10 மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாமலே அது வரக்கூடும்.

பரிசோதனை எப்படி?

இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல், காலையில் வெறும் வயிற்றில் செல்ல வேண்டும். முதலில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துப் பருகத் தருவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது அளவு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு; 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை; 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. வெறும் வயிற்று அளவு 126 அல்லது அதற்கு மேல் இருப்பதும் நீரிழிவையே குறிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை இவ்வேளையில் போதாது. பிரசவத்தில் ஏற்படும் இரத்த இழப்பு அதன் முடிவை மாற்றிவிடக்கூடும்.

முடிவு இயல்பாக இருந்தாலும் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்வது நலம். நம் நாட்டில் அரசு நடத்தும் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயதிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே, 24 வயதில் தாயான பெண் அந்த வயதை எட்டும்வரை காத்திருத்தல் கூடாது. அடுத்த கருவுறுதலுக்கு முன்பும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவின் உறுப்புகள் உருவாகும் தொடக்க வாரங்களில் மிகுந்த சர்க்கரை குழந்தைக்குத் தீங்கு செய்யும்.

தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், கர்ப்ப கால நீரிழிவு வந்து, பின்னர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த பெண்களும் பங்கேற்றனர். உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும், வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியும் அவர்களுக்கு இலக்குகள். மூன்றாண்டு அளவில் அவர்களிடையே நீரிழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தாய்ப்பால் ஊட்டுவதும் அன்னைக்குத் துணை செய்கிறது.

நம் பழக்கங்களில் சிறு மாற்றம் தேவை. வடக்கே நெய்யும் சர்க்கரையும் சேர்த்த கோந்து லட்டு, தெற்கே வெல்லம் சேர்த்த பிரசவ லேகியம் என்று அன்போடு தருகிறோம். கர்ப்ப கால நீரிழிவு வந்த தாய்க்கு அவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

தாய்வீட்டில் பிரசவம், சில மாதங்களில் கணவர் வீடு என்பது நம் வழக்கம். ஊர் மாறும்போது மருத்துவக் கோப்பு தாய்வீட்டிலேயே தங்கிவிடுகிறது; புதிய மருத்துவருக்குச் செய்தி தெரிவதில்லை. கோப்பு தாயுடனேயே செல்லட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தாயின் பரிசோதனைத் தேதியையும் எழுதி வையுங்கள். அன்று காலை குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவரோ பாட்டியோ உடன் செல்லட்டும். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய பரிசோதனையைக் கைக்குழந்தையுடன் தனியே முடிப்பது எளிதன்று. அடுத்துவரும் ஆண்டுகளில் குழந்தையின் பிறந்தநாள் வரும் மாதத்தையே தாயின் பரிசோதனை மாதமாகக் கொண்டால் மறக்க வாய்ப்பில்லை.