இப்போ ஏன் பாடணும்?

பாபநாசம் ரயிலடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் கேட்டான். "மாமா, ஒரு அமெரிக்க சீரியல்ல ஒரே ஒரு எபிசோடுல எல்லாரும் பாடுறாங்க. அதை இன்னிக்கும் பெருசாப் பேசுறாங்க. நம்ம படத்துல எப்பவுமே பாடுறாங்களே, அதுல என்ன புதுசு?"

கேட்க வேண்டிய கேள்விதான். இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

அவன் பார்த்தது 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்'. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் ஒரு பெண்ணின் கதை. 2001 நவம்பர் 6 அன்று வந்த அந்த அத்தியாயத்தில் ஊருக்குள் ஒரு பிசாசு புகுந்துவிடுகிறது. மனசில் இருப்பதை எல்லாரும் தங்களை மீறிப் பாடிவிடுகிறார்கள். எழுதி இயக்கிய ஜாஸ் வீடனே பாட்டும் மெட்டும் போட்டார். நடிகர்கள் சொந்தக் குரலில் பாடினார்கள். செத்துப்போன நாயகியை அவள் நண்பர்கள் மந்திரத்தால் உயிர்ப்பித்திருந்தார்கள். நரகத்திலிருந்து மீட்டுவிட்டோம் என்று அவர்களுக்கு நிம்மதி. அவள் இருந்ததோ சொர்க்கத்தில். நண்பர்கள் மனசு நோகுமே என்று அவள் மூடி வைத்திருந்தது, அன்று பாட்டில் வெளியே வந்துவிடுகிறது.

"மாப்ளே, நம்ம படத்துல பாட்டு வந்தா பாதிப் பேர் எழுந்து வெளியே போயிட்டு வருவான். வந்து உட்கார்ந்தா கதை விட்ட இடத்துலயே நிக்கும். அங்கே அந்தப் பாட்டுக்கு எழுந்து போனவனுக்கு மேற்கொண்டு கதையே புரியாது."

ஆனால் அந்த வித்தை நமக்குத் தெரியாததல்ல. நம் பாபநாசம் வட்டத்திலேயே இருக்கிற மெலட்டூரில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய 'பிரகலாத சரித்திரம்' இரவு முழுக்கப் போகும். முதலில் கோணங்கி, பிறகு பிள்ளையார் வேஷம், அதற்குப் பிறகுதான் கதை. ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய 'தரு' என்ற பாட்டோடுதான் மேடைக்கு வரும். யார் வருகிறார், எப்படிப்பட்டவர் என்பதை அந்தப் பாட்டே சொல்லிவிடும். பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருபவரும் ஆண்தான். புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அவள் படும் பாட்டைப் பாட்டிலும் அபிநயத்திலும் பார்த்தவர்களுக்கு அது சீக்கிரம் மறக்காது. நரசிம்மரின் முகமூடி வெறும் வேஷப்பொருள் இல்லை, பூஜையில் இருப்பது. அதைத் தரிப்பவர் விரதம் இருப்பார். அங்கே யாரும் 'இப்போ ஏன் பாடுறாங்க?' என்று கேட்பதில்லை. பாடாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட பாபநாசம் சிவன் பாட்டெழுதிய காலத்துப் படங்களுக்கும் நாடக மேடைதான் தாய்வீடு. 1941இல் 'அசோக்குமார்', 1944இல் 'ஹரிதாஸ்'. அவற்றின் நாயகன் தியாகராஜ பாகவதர் பாடுவதைக் கேட்கத்தான் ஜனம் போனது. கதை பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பழக்கம் அங்கேயே வேர்பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் நம் ஊரில் சோதனை நேர்எதிராக நடந்தது. 1954இல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், ஆமாம், வீணை வித்வான் பாலசந்தரேதான்! சங்கீதம் விரல்நுனியில் இருந்தவர், இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

சின்னத்திரையில் கே. பாலசந்தர் வேறு வழி பிடித்தார். 1985இல் வந்த 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாக ஜெயா டிவியில் 'சஹானா' எடுத்தார். படத்தில் சிவகுமார் செய்த நாயகன் ஜே.கே.பி.யை ஒய்.ஜி. மகேந்திரன் செய்தார், அவன் மனைவி பைரவியாக மறுபடி சுலக்ஷணாவே வந்தார். நாயகன் சங்கீத வித்வான், ஆகவே பாட்டு வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கச்சேரி அவன் பிழைப்பு. பிசாசு தேவைப்படவில்லை.

டீ தீர்ந்திருந்தது. அவன் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டான்: "அந்த மாதிரி பிசாசு நம்ம சீரியல் வீடு ஒண்ணுல புகுந்தா, யாரு மாமா முதல்ல பாடணும்?"

"இருநூறு எபிசோடா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம உள்ளே போறாளே ஒருத்தி, அவ."