கேன்சர் ஆராய்ச்சியில் கம்ப்யூட்டர்: ஒரு வரிசை நகர்ந்தால் என்ன ஆகும்?

உங்கள் கம்ப்யூட்டரில் எம்எஸ் எக்ஸெல் இருக்கிறதா? புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, ஏதாவது ஒரு செல்லில் ஆங்கிலத்தில் எஸ், இ, பி, டி என்ற நான்கு எழுத்துகளையும், இடைவெளி விடாமல் 2 என்ற எண்ணையும் டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். நீங்கள் டைப் செய்தது அங்கே இருக்காது. செப்டம்பர் 2 என்று தேதியாக மாறியிருக்கும். அந்த செல்லை டெக்ஸ்ட் பார்மட்டுக்கு மாற்றினாலும் பழைய எழுத்துகள் திரும்பி வராது. ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். 1900 ஜனவரி 1-லிருந்து நாட்களை எண்ணி எக்ஸெல் வைத்திருக்கும் கணக்கு அது.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது சின்னத் தொல்லைதான். ஆனால் நீங்கள் டைப் செய்தது மனித ஜீன் ஒன்றின் பெயர். செப்டம்பரைப் போலவே மார்ச் என்று ஆரம்பிக்கும் ஜீன்களும் இருந்தன. எக்ஸெல் இப்படி ஜீன் பெயர்களைக் கெடுக்கிறது என்று 2004-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. 2016-ல் மெல்போர்னைச் சேர்ந்த மூவர், ஜீன் பட்டியல்களை எக்ஸெல் பைலாக இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் புரோகிராம் எழுதி அலசினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தது எக்ஸெல் அல்ல, ஜீன்கள்தான்! ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு இந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாக 2020-ல் அறிவித்தது. செப்ட் 2 இப்போது செப்டின் 2. மைக்ரோசாப்ட் 2023-ல்தான் இதை நிறுத்தும் வசதியைத் தந்தது. புதிய எக்ஸெல் வைத்திருப்பவர்கள் பைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போய், ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன் பகுதியில் தேதி மாற்றத்துக்கான டிக்கை எடுத்துவிடலாம். பழைய எக்ஸெல்லில் டைப் செய்வதற்கு முன்பே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜீன் ஆராய்ச்சிக்கு எக்ஸெல் எதற்கு என்று கேட்கிறீர்களா? இன்று கேன்சர் ஆராய்ச்சியின் பெரும்பகுதி பைல்களில்தான் நடக்கிறது. அந்த பைல்களோடு மல்லுக்கட்டுபவர்கள் கம்ப்யூட்டேஷனல் பயாலஜிஸ்ட்டுகள். பிஎச்.டி. முடித்துவிட்டு, நிரந்தர வேலைக்கு முன் சில ஆண்டுகள் ஒரு ஆய்வகத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆராய்ச்சி செய்யும் போஸ்ட்டாக்குகள் இவர்களில் ஏராளம். உயிரியல் படித்தவர்கள் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ், இயற்பியல், புள்ளியியல் படித்தவர்களும் இதில் இருக்கிறார்கள். என்னைப் போல சாப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவர்களுக்குப் பழக்கமான வேலைதான் பல இடங்களில் தெரியும்.

ஒரே ஒரு எழுத்து

நமது டிஎன்ஏ, ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இவ்வளவையும் நகல் எடுத்தாக வேண்டும். அப்போது விழும் பிழைகளில் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் கிடக்கும். சில மட்டும், பெருகுவதை நிறுத்து என்ற கட்டளையையே கெடுத்துவிடும்.

பி.ஆர்.ஏ.எப். என்ற ஜீனைப் பாருங்கள். அதன் 1799-வது எழுத்து டி. அது ஏ என்று மாறினால் செல்லுக்கு ஓயாமல் பெருகு என்ற சிக்னல் போய்க்கொண்டே இருக்கும். மெலனோமா என்ற தோல் கேன்சரில் இந்த ஜீன் அடிக்கடி மாறியிருப்பதை 2002-ல் இங்கிலாந்தின் சாங்கர் இன்ஸ்டிடியூட் கண்டுபிடித்தது. இந்த மாற்றத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்ட வெமுராபெனிப் என்ற மாத்திரைக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த மாற்றம் இல்லாத மெலனோமா நோயாளிக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஆகவே அந்த ஒரு எழுத்தைச் சரியாகப் படிப்பதில்தான் எந்த மருந்து என்ற முடிவே நிற்கிறது.

180 ஜிபி

டிஎன்ஏவைப் படிக்கும் மெஷின்கள் 300 கோடி எழுத்துகளையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிப்பதில்லை. பரவலாகப் பயன்படும் மெஷின்கள் 150 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் படிக்கின்றன. படிப்பதில் பிழை வரும் என்பதால் ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவையாவது படிக்கிறார்கள். கணக்குப் போட்டால் 60 கோடி துண்டுகள், 9,000 கோடி எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தோடும், அது எந்த அளவுக்கு நம்பகமானது என்று காட்டும் ஒரு குறியும் வரும். எழுத்துக்கு ஒரு பைட், குறிக்கு ஒரு பைட் என்றால் சுருக்குவதற்கு முன் 180 ஜிபி. இது ஒரே ஒரு சாம்பிளுக்கு!

தினசரிப் பேப்பரின் 30 பிரதிகளைச் சுக்குநூறாகக் கிழித்துக் குவித்துவிட்டு, ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கேட்டால் எப்படி? நல்லவேளையாக, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி ஜீனோம் இருக்கிறது. இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படும் சாப்ட்வேர்களில் ஒன்று பிடபிள்யூஏ. சாங்கர் இன்ஸ்டிடியூட்டில் போஸ்ட்டாக்காக இருந்த ஹெங் லீ, ரிச்சர்ட் டர்பினுடன் சேர்ந்து 2009-ல் வெளியிட்டது. இதன் அடிப்படை பர்ரோஸ், வீலர் என்ற இருவர் 1994-ல் வெளியிட்ட முறை. அவர்கள் டெக்ஸ்ட் பைலைச் சுருக்குவதற்காகக் கண்டுபிடித்தது அது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்த பிஜிப்2 இதே முறையில்தான் பைலைச் சுருக்குகிறது. பைலைச் சுருக்க வந்த தந்திரம், சுருக்கிய நிலையிலேயே வேகமாகத் தேடவும் உதவியது.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி

துண்டுகளை எல்லாம் இடம் பார்த்து வைத்த பிறகுதான் உண்மையான சிக்கல். எந்த மனிதரை எடுத்துக்கொண்டாலும் அவருடைய டிஎன்ஏ, மாதிரி ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடும். அவை நோய் அல்ல, பிறவியிலேயே வந்தவை. கேன்சரால் வந்த மாற்றங்களை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் ஒரே நோயாளியின் இரண்டு சாம்பிள்கள் வேண்டும். ஒன்று கட்டியிலிருந்து, இன்னொன்று ரத்தம் அல்லது தோல் போன்ற நல்ல திசுவிலிருந்து. முதல் பைலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவையே கேன்சர் மாற்றங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-ல் ரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் முழு ஜீனோமை இப்படித்தான் அவரது தோல் சாம்பிளோடு ஒப்பிட்டு வெளியிட்டது. ஒரு கேன்சரின் முழு ஜீனோம் இப்படி வெளியானது அதுவே முதல் முறை. மாறிய ஜீன்கள் என்று கிடைத்தவை பத்து.

கழித்தல் என்று சொல்லிவிட்டேன். ஆனால் கட்டியிலிருந்து எடுத்த சாம்பிளில் நல்ல செல்களும் கலந்திருக்கும். 30 துண்டுகளில் மூன்றில் மட்டும் எழுத்து மாறியிருந்தால் அது கேன்சரா, மெஷினின் பிழையா? அதனால்தான் கட்டியை இன்னும் அதிக தடவை படிக்கிறார்கள். ஒரே பைல்களைக் கொடுத்தாலும் இரண்டு சாப்ட்வேர்கள் தரும் பட்டியல்கள் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. எது சரி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் போஸ்ட்டாக்கின் வாரங்கள் கரையும். ஆய்வகத்தில் ட்யூப் மாறி, ஒருவரின் கட்டியும் இன்னொருவரின் ரத்தமும் ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும்? ஆயிரக்கணக்கில் வர வேண்டிய மாற்றங்கள் லட்சக்கணக்கில் வந்து குவியும். இதனால் இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்ற சோதனையை முதலில் ஓட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

பூஜ்யமா, ஒன்றா?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு 'ஆப் பை ஒன்' பிழை தெரிந்திருக்கும். எண்ணுவதை 0-லிருந்து ஆரம்பிப்பதா, 1-லிருந்தா என்ற குழப்பத்தில் விடை ஒன்று தள்ளிப்போவது. இந்தத் துறையில் இந்தக் குழப்பம் பைல் பார்மட்டிலேயே இருக்கிறது. பெட் என்ற பார்மட் 0-லிருந்து எண்ணும், விசிஎப் 1-லிருந்து எண்ணும். கவனிக்காமல் கலந்தால் பக்கத்து எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். புரோகிராம் எந்த எர்ரர் மெசேஜும் தராது, சாதுவாக ஓடி முடியும்.

இதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் உதாரணம். கட்டியில் எந்தெந்த ஜீன்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன என்பதைப் பார்த்து, எந்த கீமோ மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று 2006-ல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மையத்தின் புள்ளியியல் நிபுணர்கள் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் அதே டேட்டாவை வைத்து அதே விடையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். வரவில்லை. தோண்டத் தோண்ட, ஜீன் பட்டியல்களில் பெயர்கள் ஒரு வரிசை நகர்ந்திருப்பது தெரிந்தது. பயன்படுத்திய சாப்ட்வேர் தலைப்பு வரிசை இல்லாத டேபிளைத்தான் எதிர்பார்த்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற லேபிள்கள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அப்படியென்றால் கேட்காத மருந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கச் சொல்கிறது அந்த புரோகிராம்!

அதற்குள் 2007-லேயே இந்த முறையை வைத்து நோயாளிகளுக்கு மருந்து தரும் சோதனைகள் தொடங்கியிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். இருவரும் 2009-ல் தங்கள் கட்டுரையை ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். சோதனைகள் நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடங்கி, 2010-ல் ஒரேயடியாக மூடப்பட்டன. மூலக் கட்டுரை 2011-ல் வாபஸ் பெறப்பட்டது. பிழை மட்டுமல்ல, தெரிந்தே டேட்டா மாற்றப்பட்டிருக்கிறது என்று 2015-ல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் முடிவு சொன்னது. மோசடியை நான் இங்கே விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது வேறு. பட்டியல் ஒரு வரிசை நகர்ந்தது கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர்களின் கண்ணில் படவில்லை. டேட்டாவை எடுத்து முதலிலிருந்து ஓட்டிப் பார்த்த இருவருக்குத்தான் பட்டது. இன்று பல இதழ்கள் கட்டுரையோடு டேட்டாவையும் புரோகிராமையும் கேட்கின்றன. எக்ஸெல்லில் கையால் வெட்டி ஒட்டாமல், எல்லாவற்றையும் ஆர் அல்லது பைத்தானில் ஸ்கிரிப்ட்டாக எழுதிவைக்கச் சொல்கிறார்கள்.

நீங்களும் பார்க்கலாம்

நோயாளிகளின் மூல டேட்டா அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான், அது நியாயமும்கூட. ஆனால் கேன்சரால் வந்த மாற்றங்களின் பட்டியல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய கேன்சர் ஜீனோம் அட்லஸ் திட்டம் 33 வகைக் கேன்சர்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் சாம்பிள்களை ஆராய்ந்தது. சிபயோபோர்ட்டல் என்ற இணையதளத்துக்குப் போய், இந்தத் திட்டத்தின் மெலனோமா தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, ஜீன் பெயர் கேட்கும் இடத்தில் பி.ஆர்.ஏ.எப். என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். மியூட்டேஷன்ஸ் என்ற டேபை கிளிக் செய்தால், படுத்த கோடு ஒன்றின் மேல் குச்சி மிட்டாய்கள் நட்டது போல ஒரு படம் வரும். ஒவ்வொரு குச்சியும் ஒரு மாற்றம், உயரம் எத்தனை சாம்பிள்களில் என்பதைக் காட்டும். 600 என்ற இடத்தில் மற்றதையெல்லாம் குள்ளமாக்கிவிட்டு ஒரு குச்சி நிற்கும். 1799 என்று சொல்லிவிட்டு 600 என்கிறேனே என்று பார்க்கிறீர்களா? டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்துகளாகத்தான் செல் படிக்கிறது. 1-லிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 1799 விழுவது 600-வது தொகுதியின் நடு எழுத்தில்.