டிக்கெட் வாங்குவதா, வேண்டாமா?

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் இரண்டு வகை. பினாங்கு குழு சொந்தத் திடலில் விளையாடும் சனிக்கிழமை, விளையாடாத சனிக்கிழமை. விளையாடும் நாளில் ஆறு மணிக்கே சோறு ரெடியாகிவிடும். அப்பா நீலமும் மஞ்சளுமான பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார். "ரசத்தைக் கொட்டிக்காதீங்க, அந்தக் கறை போகாது" என்று அம்மா சொல்வார். இருபது வருடமாக இதே வசனம்தான்.

அண்மையில் அப்படி ஒரு சனிக்கிழமை அப்பா மேசை மேல் மூன்று டிக்கெட்டுகளை வைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, மூன்றாவது தம்பி மகனுக்கு. பையனுக்கு எட்டு வயது. அவன் இதுவரை ஸ்டேடியம் பக்கம் போனதில்லை.

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவனையும் இதுல இழுக்காதீங்கப்பா" என்றான்.

"எதுல?"

"தோக்குற குழுவுக்குக் காசு கட்டி அழுவுறதுல."

அதன் பிறகு அந்த மேசையில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

தம்பி சொன்னதன் கனம் புரிய அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1974-ல் பினாங்கு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பேராக்கை 2-1 என்று வென்றபோது அவருக்குப் பதினேழு வயது. ரேடியோவில்தான் கேட்டார். ஆனால் ஷஹாருதீன் அப்துல்லா, நமாட் அப்துல்லா சகோதரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போன விதத்தை நேரில் பார்த்தவர் மாதிரிச் சொல்வார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடியவர்கள் நம்ம ஊர்க்காரர்கள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. 1953, 1954, 1958 என்று மலாயா கிண்ணம் வென்ற ஆண்டுகளையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். 1974-க்குப் பிறகு அந்தக் கிண்ணம் தீவுக்கு வரவே இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என் நினைவு 1998-ல் தொடங்குகிறது. பினாங்கு லீக் வென்ற வருடம். டத்தோ கெராமாட் சாலைப் பக்கத்தில் இருக்கும் சிட்டி ஸ்டேடியத்துக்கு அப்பாவின் மோட்டார்சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போனேன். 1932-ல் கட்டிய அரங்கம். நாட்டில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய ஸ்டேடியங்களில் ஒன்று. அன்று எனக்கு ஆட்டம் புரியவில்லை. சத்தம்தான் புரிந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே நேரத்தில் நடுவரைத் திட்டியதைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆட்டம் முடிந்து பாடாங் பிரவுனில் வாங்கிக் கொடுத்த பசெம்போரின் இனிப்புக் குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2001-ல் இர்ஃபான் பக்தி பயிற்சியில் மறுபடி லீக், 2002-ல் எஃப்.ஏ. கிண்ணம். நாங்கள் எப்போதும் ஜெயிக்கும் ஊரில் பிறந்திருக்கிறோம் என்று நானும் தம்பியும் நம்பிய காலம் அது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அதை விலாவாரியாகச் சொல்ல மனசு வரவில்லை. ஒரே ஒரு சம்பவம் மட்டும். 2016 பிப்ரவரி 16, சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிரான ஆட்டம். முப்பது மீட்டருக்கு மேல் தூரத்திலிருந்து முகமட் ஃபைஸ் சுப்ரி உதைத்த ஃப்ரீ கிக் ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மனசு மாறி, மறு பக்கம் வளைந்து கோலுக்குள் புகுந்தது. அந்தக் கோலுக்காக 2017 ஜனவரியில் சூரிக் மேடையில் அவருக்கு ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது. அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். மேடையில் நன்றி சொல்லக் கைப்பேசியில் உரையைத் தேடித் தடுமாறினாரே, அப்போது எங்கள் வீட்டில் எல்லார் கண்ணிலும் தண்ணீர். அதே 2017 பருவம் முடியும்போது பினாங்கு சூப்பர் லீக்கில் கடைசி இடம். கீழே இறங்கிவிட்டது.

மீண்டு வந்ததும் உண்மை. 2020-ல் இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம், 2021-ல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். அடுத்த வருடமே, 2022-ல், பட்டியலின் அடியில். அந்த வருடத்தோடு இரண்டாம் நிலை லீக்கையே எடுத்துவிட்டதால்தான் இறங்காமல் தப்பியது. தம்பி அதோடு ஸ்டேடியத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

வீட்டில் நடக்கும் இந்தச் சண்டையை நான் வெளியிலும் கேட்கிறேன். மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் மேசை இரண்டாகிவிடும். ஒரு பக்கம், நிர்வாகம் மாறும் வரை டிக்கெட் வாங்காதே என்பார்கள். மறு பக்கம், கஷ்ட காலத்தில் குழுவை விட்டுப் போகிறவன் ரசிகனே இல்லை என்பார்கள். அப்பா இரண்டாவது கட்சி. "வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு முடியலேன்னா வீட்டை விட்டுப் போயிடுவியா?" என்பது அவர் கேள்வி. தம்பி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். அவன் பதிலும் அந்த மொழியிலேயே வரும். "போக மாட்டேன்ப்பா. ஆனா டாக்டர் யாரு, என்ன மருந்து, பில்லு எவ்ளோன்னு கேப்பேன். கேட்டா ஏன் கோவிக்கிறீங்க?"

அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மலேசியாவில் மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் தலைமையில் அரச குடும்பத்தினரும் அரசியல்வாதிகளும் இருப்பது பழைய வழக்கம். பணம் மாநில அரசிடமிருந்தும் அதன் நிறுவனங்களிடமிருந்தும் வரும். ஆட்சி மாறினால் தலைமை மாறும், தலைமை மாறினால் பயிற்சியாளர் மாறுவார். 2021-லிருந்து குழுக்கள் சங்கத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனங்களாக வேண்டும் என்று விதி வந்தது. நிறுவனம் என்றால் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். எஸ்.எஸ்.எம்.மில் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு நிறுவனத்தின் விவரத்தை வாங்கலாம். "அது சட்டம்" என்கிறான் தம்பி. "ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை ரசிகர்களைக் கூப்பிட்டு, இவ்ளோ வந்துச்சு, இவ்ளோ போச்சு, இவ்ளோ கடன்னு சொல்றது மரியாதை."

ஒரு நாள் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது எந்தக் குழுவின் உண்மைக் கணக்கும் இல்லை, வெறும் வைத்துக்கொள்வோம் கணக்கு. ஓர் ஆட்டத்துக்கு 4,000 பேர், டிக்கெட் 15 ரிங்கிட், சொந்தத் திடலில் 13 ஆட்டம். மொத்தம் 780,000 ரிங்கிட். இப்போது செலவு. 25 ஆட்டக்காரர்கள், ஆளுக்கு மாதம் சராசரி 10,000 ரிங்கிட் என்றாலும் வருடத்துக்கு 30 லட்சம். இதில் பயிற்சியாளர் இல்லை, சேமநிதி இல்லை, சபாவுக்கும் கூச்சிங்குக்கும் விமான டிக்கெட் இல்லை, மருத்துவர் இல்லை. சம்பளத்தில் கால் பங்கைத்தான் நம் டிக்கெட் தாங்குகிறது.

இதைக் காட்டியதும் இரண்டு பேருக்கும் முகம் சுருங்கியது. அப்பாவின் மூன்று டிக்கெட் குழுவைக் காப்பாற்றப் போவதில்லை. தம்பி வாங்காத ஒரு டிக்கெட் நிர்வாகத்தை ஆட்டப் போவதும் இல்லை. ஆனால் காலி நாற்காலிகளைத் தொலைக்காட்சி காட்டும். அதை விளம்பரம் தரும் நிறுவனம் பார்க்கும். மீதி முக்கால் பங்கு எங்கிருந்தோ வர வேண்டுமே, அந்தக் கதவு அங்கேதான் மூடும்.

மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ரொம்பத் தூரம் போக வேண்டாம். பேராக் 2018-ல் மலேசியக் கிண்ணம் வென்ற குழு. 2021-ல் சம்பளப் பிரச்சினை வந்தது, ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள், குழு சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. 2025-ல் லீக்கை விட்டே விலகியது. பாலத்தைத் தாண்டினால் கெடா. 2007, 2008 என்று அடுத்தடுத்த வருடங்களில் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளியவர்கள். 2025-ல் அவர்களுக்கு உரிமமே கிடைக்கவில்லை. கெடா ரசிகர்களை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்த அப்பா அந்தச் செய்தி வந்த அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் சமூகத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மீஃபா. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்து, 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடிய குழு. பி. மணியம் பயிற்சியில், கடைசியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்து ஆடியது. 2022 பருவம் முடிந்ததும் விலகிக்கொண்டது. தமிழ்ப் பள்ளித் திடலில் பந்து உதைக்கும் ஒரு பையன் கை காட்டிச் சொல்ல ஒரு குழு இருந்தது, இப்போது இல்லை. அது போனபோது நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? நான் கவனிக்கவில்லை. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எல்லாரும் ஜொகூரைப் பார் என்பார்கள். 2014-லிருந்து லீக் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே பணமும் பொறுமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த மாதிரி ஒரு புரவலர் கிடைக்காத மாநிலம் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஜொகூரிடம் பதில் இல்லை.

ரசிகர்கள் இப்படிப் பிரிவது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அப்பா அரைத் தூக்கத்தில் எழுந்து பார்க்கும் மென்செஸ்டர் யுனைடெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் கிளேசர் குடும்பம் பெருங்கடன் வாங்கி அந்தக் கிளப்பை வாங்கியது. கடனின் பெரும் பகுதி கிளப் தலையிலேயே விழுந்தது. கோபத்தில் ஒரு கூட்டம் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் என்று சொந்தக் குழுவே தொடங்கியது. இன்னொரு கூட்டம் ஓல்ட் டிராஃபோர்டிலேயே இருந்துகொண்டு 2010-ல் பச்சையும் மஞ்சளுமான கழுத்துத் துணி கட்டிக் குரல் கொடுத்தது. போர்ட்ஸ்மத் கிளப் திவாலாகும் நிலைக்குப் போனபோது 2013-ல் ரசிகர்களே காசு போட்டு வாங்கினார்கள். நாலு வருடம் நடத்தி நிமிர்த்தி, 2017-ல் வாக்கெடுப்பு நடத்தி ஒரு பணக்காரருக்கு விற்றார்கள். ரசிகர் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அந்த வாக்கெடுப்புக்கு முன் கணக்கைக் கண்ணால் பார்த்தார்கள்.

இதை மேசையில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரு ஆயுதம் கிடைத்துவிட்டது. தம்பி போட்டிருந்த லிவர்பூல் சட்டையைக் காட்டி, "இது எவ்ளோ?" என்றார். தம்பி வாயைத் திறக்கவில்லை. அசல் சட்டை, முந்நூறுக்கு மேல். "கேள்வி கேக்க முடியாத ஊருக்கு முந்நூறு கட்டுற. நடந்து போய்க் கேக்குற தூரத்துல இருக்கறவனுக்குப் பதினஞ்சு கட்ட மாட்டேங்குற."

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனாலும் அப்பாவை நான் முழுசாக ஆதரிக்கவில்லை. நடந்து போய்க் கேட்கும் தூரத்தில் இருந்தும் அவர் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் போய்க் கேட்டதில்லை. பாசம் இருக்கும் இடத்தில் கணக்குக் கேட்பது அவருக்கு அவமரியாதை. கோயில் கமிட்டியிலிருந்து கூட்டுறவுச் சங்கம் வரை அவர் தலைமுறை அப்படித்தான் இருந்திருக்கிறது. என் தம்பி தலைமுறையோ கணக்குக் கிடைக்காத இடத்திலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போய்விடும். உட்கார்ந்துகொண்டே கேட்பதற்கு இரண்டு பேருக்கும் பழக்கம் இல்லை.

அன்று கடைசியில் பையன்தான் தீர்த்து வைத்தான். "தாத்தா, பசெம்போர் உண்டா?" என்றான். உண்டு என்றதும் செருப்பைப் போட்டுக்கொண்டான். மழை வருகிற மாதிரி இருந்ததால் தம்பியே காரில் கொண்டுவந்து விட்டான். உள்ளே வரவில்லை. ஆட்டம் முடியும் வரை பாடாங் பிரவுனில் சாப்பிட்டுக்கொண்டு இருப்பதாகச் சொன்னான்.

படியேறும்போது பையன் கேட்டான். "அப்பா ஏன் வரல?"

"அவருக்கு டிக்கெட் வாங்கலப்பா" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

விளக்குகள் எரிந்தன. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு சீனப் பெரியவர், கையில் சிறிய ரேடியோ. பக்கத்தில் முரசு அடிக்கும் இளைஞர் கூட்டம். பையன் காதைப் பொத்திக்கொண்டான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்று, அர்த்தம் தெரியாமலே அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் கைப்பேசி அதிர்ந்தது. தம்பி. ஸ்கோர் கேட்பான் என்று நினைத்தேன்.

"கூட்டம் எவ்ளோ?" என்று கேட்டிருந்தான்.

எழுந்து நின்று எதிர்ப்பக்க வரிசைகளை எண்ணத் தொடங்கினேன்.